குடல் பாக்டீரியாவைச் சீர்ப்படுத்த எட்டு வாரம்: எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது

வயிறு உப்புசம், மலச்சிக்கல், சாப்பிட்ட கையோடு கழிப்பறைக்கு ஓட்டம், எதைத் தின்றாலும் புளியேப்பம். இந்தத் தொல்லைகளோடு கடலூரிலும் புதுச்சேரியிலும் உணவு ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே எதையாவது செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒருவர் மெடிக்கலில் பாக்டீரியா கேப்சூல் வாங்கி ஒரு மாதம் விழுங்கியிருப்பார். இன்னொருவர் ஒரே நாளில் கொள்ளு, கீரை, முளைகட்டிய பயறு எல்லாவற்றையும் தொடங்கி, மூன்றாம் நாள் வயிறு பானைபோல் ஊதியதும் நிறுத்தியிருப்பார். செய்த காரியங்களில் குறை அதிகம் இல்லை; வரிசையில்தான் கோளாறு. சேடை ஓட்டாத, அதாவது தண்ணீர் விட்டுச் சேறாக உழாத, வயலில் நாற்று நட்டால் அது வேர் பிடிக்காது என்பது பாகூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குடலுக்கும் அதே கதைதான்.

இந்த வழிகாட்டி பெரியவர்களுக்கானது. தேவையான பொருட்கள் கொஞ்சம்: ஒரு நோட்டு, 200 மில்லி டம்ளர் ஒன்று, அளவு தெரிந்த ஒரு தேக்கரண்டி, ஒரு மண்சட்டி. சமையலறைத் தராசு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தடையில்லை. எட்டு வாரம் ஒதுக்குங்கள். அந்த எட்டு வாரத்துக்குள் திருமணப் பந்தி, ஊர்த் திருவிழா எல்லாம் வரும். வந்தால் சாப்பிட்டுவிட்டு மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

1. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

மலத்தில் இரத்தம், தார்போல் கறுத்த மலம், காரணம் தெரியாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், இரத்தசோகை, விழுங்கும்போது அடைப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஐம்பது வயதுக்கு மேல் மலப் பழக்கம் திடீரென மாறினாலும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தாலும் அப்படியே.

காரணம் இதுதான். குடல் காசநோய், குடல் புண் அழற்சி, பெருங்குடல் புற்றுநோய் எல்லாமே தொடக்கத்தில் சாதாரண வயிற்றுக் கோளாறுபோலத்தான் தெரியும். கஷாயமும் தயிருமாக நாளைக் கடத்தி, நோய் முற்றிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் இதற்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. போவதற்குத் தயங்க வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பதையும் நினைவில் வைத்து, மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கீரையிலும் பயறிலும் உள்ள பொட்டாசியம் ஆகாமல் போகலாம். புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு உயிருள்ள பாக்டீரியாவே ஆபத்தாகலாம். இவர்கள் தங்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும்.

2. முதல் வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஆர்வம் உள்ளவர்களுக்கு இதுதான் கடினமான படி. ஒரு வாரம் வழக்கம்போலச் சாப்பிட்டு, நோட்டில் நான்கு விஷயங்களை மட்டும் எழுத வேண்டும்: என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, மலம் எப்படி இருந்தது, வயிறு எப்போது தொல்லை கொடுத்தது. மாத்திரை எடுத்தால் அதன் பெயரும்.

மலத்தை எப்படிக் குறிப்பது என்று கூச்சப்படுகிறார்கள். மருத்துவர்கள் பயன்படுத்தும் பிரிஸ்டல் அளவுகோலில் ஏழு வகை உண்டு. எண்ணை மட்டும் எழுதினால் போதும். 1 என்றால் ஆட்டுப் புழுக்கைபோல் தனித்தனி உருண்டை. 2, கட்டிகள் சேர்ந்து திரண்டது. 3, நீளமாக, மேலே வெடிப்புகளோடு. 4, நீளமாக, வழவழப்பாக. 5, மென்மையான துண்டுகள். 6, கூழ். 7, வெறும் தண்ணீர். மூன்றும் நான்கும் நல்ல நிலை.

தினமும் காலையில் ஒரு முறை போயே ஆக வேண்டும் என்ற நம்பிக்கை நம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. நாளைக்கு மூன்று முறை போவதிலிருந்து வாரத்துக்கு மூன்று முறை போவது வரை எல்லாமே இயல்புதான், சிரமமில்லாமல் போனால். ஒரு நாள் போகவில்லை என்பதற்காகப் பேதி மாத்திரை போடுவதில்தான் பலருடைய தொல்லை ஆரம்பமாகிறது.

இந்த ஒரு வாரக் குறிப்பு இல்லாமல் தொடங்கியவர்களுக்கு, ஒரு மாதம் கழித்து முன்னேற்றம் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிவதில்லை. நேற்றைய உப்புசம் மட்டுமே நினைவில் நிற்கும்.

3. இரண்டாம் வாரம்: மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

உணவைத் தொடுவதற்கு முன் மருந்தைப் பார்க்க வேண்டும். குடல் பாக்டீரியாவைத் தினமும் கலைத்துக்கொண்டே இருக்கும் மருந்து ஒன்று உள்ளே போய்க்கொண்டிருந்தால், எவ்வளவு கீரை தின்றாலும் பாதிப் பலன்தான்.

முதல் சந்தேகம் ‘கேஸ் மாத்திரை’. பான்டாப்ரசோல், ஓமிப்ரசோல் வகை. யாரோ எப்போதோ இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்ததை ஆண்டுக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் ஏராளம். இரைப்பை அமிலம் உணவைக் கரைக்க மட்டும் இருப்பதில்லை. உணவோடு வரும் கிருமிகளைக் கொல்வதும் அதன் வேலை. அமிலத்தை ஆண்டுக்கணக்கில் அடக்கி வைத்தால் வாயில் இருக்க வேண்டிய பாக்டீரியா குடல்வரை இறங்குகிறது, குடல் தொற்றுக்கு வாய்ப்பும் கூடுகிறது. ஆனால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள். நிறுத்தியதும் அமிலம் முன்பைவிட அதிகமாகச் சுரந்து நெஞ்சைக் கரிக்கும். மாத்திரை இல்லாமல் வாழவே முடியாது என்று நினைத்து மறுபடி அதற்கே திரும்பிவிடுவீர்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் எடுப்பவர்கள், இரைப்பைப் புண் இருந்தவர்கள் போன்ற சிலருக்கு அது உண்மையிலேயே தேவை. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், ‘இன்னும் வேண்டுமா, படிப்படியாகக் குறைக்கலாமா’ என்று கேளுங்கள்.

இரண்டாவது, வலி மாத்திரை. மூட்டு வலிக்கென்று தினமும் டைக்ளோஃபெனாக் போடுவது இரைப்பை, குடல் உட்சுவர் இரண்டையும் அரிக்கிறது.

மூன்றாவது, ஆறு மாதத்துக்கொரு முறை ‘வயிற்றைச் சுத்தம் செய்ய’ பேதிக்குக் குடிப்பது. என் கருத்தை மறைக்க விரும்பவில்லை: உடல் நலமாக இருக்கும் ஒருவருக்கு இது தேவையே இல்லை. குடலில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய அழுக்கு என்று ஒன்று கிடையாது. பேதியில் வெளியேறுவது நீரும் உப்பும், அவற்றோடு நாம் காப்பாற்ற நினைக்கும் பாக்டீரியாவில் ஒரு பங்கும்தான்.

4. மூன்றாம் வாரம் முதல் ஐந்தாம் வாரம் வரை: நார்ச்சத்தைக் கூட்டுங்கள், மெதுவாக

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

நம் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. நாம் தின்னும் மாவுப் பண்டமும் புரதமும் கொழுப்பும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். பெருங்குடல்வரை வந்து சேருவது நம்மால் செரிக்க முடியாத நார்தான். பாக்டீரியாவுக்கு அதுவே சாப்பாடு. அதை நொதிக்க வைத்து அவை அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன.

இதில் பியூட்டிரேட் முக்கியமானது. பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் செல்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பங்கை இதிலிருந்துதான் பெறுகின்றன. சுவர் உறுதியாக இருந்தால் குடலுக்குள் இருக்க வேண்டியது குடலுக்குள்ளேயே இருக்கும். இரத்தத்தில் கசிந்து எதிர்ப்பு சக்தியைத் தேவையின்றிக் கிளறாது. இந்த அமிலங்கள் குடலைக் கொஞ்சம் புளிப்பாக வைத்திருப்பதால் தொல்லை தரும் கிருமிகள் பெருகச் சிரமப்படுகின்றன. வயிறு நிறைந்த உணர்வைத் தரும் ஹார்மோன்கள் சுரக்கவும் இவை தூண்டுகின்றன. செரிமானத்துக்கும் உடல் முழுவதன் நலத்துக்கும் உள்ள இணைப்பு பெரும்பாலும் இந்த வழியாகத்தான் போகிறது. நார் வராவிட்டால்? குடல் சுவரைக் காக்கும் சளிப் படலத்தையே சில பாக்டீரியா தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார், 400 கிராம் காய்கறியும் பழமும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நம் தட்டைப் பாருங்கள். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம் நார்கூட இல்லை. புதுச்சேரி பேக்கரி ரொட்டி மைதாவில் செய்வது, அதிலும் கொஞ்சம்தான். ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் வறுவலும் வைத்தால் காய்க்குத் தட்டில் இடமே இருக்காது. மீன் நல்ல உணவு, அதைக் குறைக்கச் சொல்லவில்லை. பக்கத்தில் ஒரு கீரையோ, கத்தரிக்காய் பலாக்கொட்டைக் குழம்போ சேரட்டும் என்கிறேன்.

எப்படிக் கூட்டுவது? வாரத்துக்கு ஒரு மாற்றம். மூன்றாம் வாரம் முழுக்கக் காய்கறியின் அளவை மட்டும் கூட்டுங்கள்: மதியம் ஒரு கைப்பிடி பொரியல் எடுத்த இடத்தில் ஒரு முழு டம்ளர். நான்காம் வாரம் பயறு: நாளைக்கு அரை டம்ளர் வெந்த காராமணியோ கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ. வெந்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏழு கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. ஐந்தாம் வாரம் தானியத்தை மாற்றுங்கள்: வாரத்தில் மூன்று வேளை அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகுக் கூழ், கம்பஞ்சோறு, வரகு. கேழ்வரகு மாவு 100 கிராமில் நார் சுமார் 11 கிராம். பழத்தில் கொய்யாவை மறக்காதீர்கள். 100 கிராமில் ஐந்து கிராமுக்குக் குறையாது, விலையும் மலிவு. சாறாகப் பிழிந்து வடிகட்டினால் எல்லாம் வீண்.

பண்ருட்டிப் பலா வரும் மாதங்களில் கொட்டையை எறியாதீர்கள். வேகவைத்த பலாக்கொட்டையில் சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்து ஒரு பங்கு உண்டு. அதுவும் பெருங்குடலுக்கு நார்போலத்தான் வேலை செய்கிறது. ஆனால் முதல் நாள் நான்கு கொட்டைக்கு மேல் வேண்டாம். ஏன் என்று அன்று இரவே தெரியும்.

காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும். நாரை நொதிக்கும்போது பாக்டீரியா வாயுவையும் உண்டாக்கும். பத்து கிராம் நார் தின்று பழகிய குடலில் திடீரென முப்பது கிராம் விழுந்தால் வயிறு ஊதும், வலிக்கும். இதைப் பார்த்துத்தான் ‘எனக்குப் பயறு ஒத்துக்கொள்ளாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒத்துக்கொள்ளாதது பயறு இல்லை, அவசரம். பயறைப் பத்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குழைய வேகவையுங்கள். வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளில் ஒரு பகுதி ஊறிய நீரோடு போய்விடும். அப்படியும் வயிறு ஊதினால் அளவைப் பாதியாக்கி இன்னொரு வாரம் இருங்கள். நிறுத்த வேண்டாம்.

நாரோடு தண்ணீரும் கூட வேண்டும். நார் தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை மென்மையாக்குகிறது. சித்திரை வெயிலில் வேர்த்துக் கொட்டும்போது தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் மலச்சிக்கல் முன்பைவிட மோசமாகும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கிறதா என்று பாருங்கள். லிட்டர் கணக்கைவிட அது நம்பகமானது.

எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்.) என்று மருத்துவர் சொல்லியிருப்பவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு: வெங்காயம், பூண்டு, கொண்டைக்கடலை மூன்றும் உங்களை அதிகம் படுத்தும். வாழைத்தண்டு, அவரைக்காய், கேரட், கேழ்வரகு என்று தொடங்குங்கள்.

5. அளவு பழகிய பிறகு வகையைப் பெருக்குங்கள்

ஒவ்வொரு வகை பாக்டீரியாவும் ஒவ்வொரு வகை நாரைத் தின்கிறது. ஒரே முட்டைகோஸ் பொரியலை வாரம் முழுக்கத் தின்றால் அதற்கேற்ற சில வகைகள்தான் செழிக்கும். வாரத்துக்கு முப்பது வகைக்கு மேல் தாவர உணவு சாப்பிடுகிறவர்களின் குடலில், பத்துக்கும் குறைவாகச் சாப்பிடுகிறவர்களைவிடப் பாக்டீரியா வகைகள் அதிகம் என்று 2018இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது.

முப்பது என்றதும் மலைக்காதீர்கள். தாளிக்கும் கடுகும் வெந்தயமும், சாம்பாரின் துவரம்பருப்பும், சட்னியின் மல்லாட்டையும் (வேர்க்கடலை), கொத்தமல்லியும் தனித்தனி வகைகள்தான். கடலூர் உழவர் சந்தைக்கோ புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கோ போகும்போது ஒவ்வொரு முறையும் போன வாரம் வாங்காத ஒரு காயும் ஒரு கீரையும் வாங்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு போதும்.

6. ஆறாம் வாரம்: தயிரும் மோரும்

இப்போதுதான் வெளியிலிருந்து பாக்டீரியா வரலாம். தயிரில் இருப்பவற்றில் பெரும்பாலானவை குடலில் நிலையாகத் தங்குவதில்லை. சில நாட்களில் வெளியேறிவிடும். போகிற வழியில் நல்லது செய்துவிட்டுத்தான் போகின்றன. ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் நிறையத் தின்பதைவிடத் தினமும் ஒரு டம்ளர் மேல்.

வீட்டுத் தயிர் சரியாக உறையாததற்குப் பெரும்பாலும் சூடுதான் காரணம். பாலைப் பொங்கக் காய்ச்சி இறக்கி, சுண்டுவிரலை உள்ளே விட்டு நிதானமாகப் பத்து எண்ணும்வரை வைத்திருக்க முடிகிற இளஞ்சூட்டுக்கு வர விடுங்கள். கிட்டத்தட்ட 40 டிகிரி. அதைவிட மிக அதிகச் சூட்டில் உறை ஊற்றினால் பாக்டீரியா செத்துவிடும், பால் அப்படியே கிடக்கும் அல்லது நூல் நூலாகத் திரியும். அரை லிட்டர் பாலுக்கு ஒரு தேக்கரண்டி உறை தாராளம். உறையை அதிகம் ஊற்றினால் சீக்கிரம் புளிக்கும், கட்டியாக நிற்காது. ஊற்றிய பிறகு ஒரு முறை கலக்கி மூடிவையுங்கள், அசைக்காதீர்கள்.

நம் கடற்கரைப் புழுக்கத்தில் வைகாசியில் நான்கைந்து மணி நேரத்தில் உறைந்துவிடும். இரவு பத்து மணிக்கு ஊற்றிக் காலை ஏழு மணிக்குப் பார்த்தால் மேலே மஞ்சள் நீர் பிரிந்து நிற்கும். கெட்டுப்போகவில்லை, புளிப்பு ஏறியிருக்கிறது. மார்கழியில் அதே பாலுக்கு இரவு முழுவதும் வேண்டும். பாத்திரத்தைத் துணியால் சுற்றி அரிசிப் பானைக்குள் வைக்கிற பழக்கம் சரியானதே. உறைந்ததும் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள்.

பால் குடித்தால் வயிறு பொருமுகிறவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையில் ஒரு பங்கைப் பாக்டீரியாவே தின்றுவிடுகிறது. எஞ்சியதைச் செரிக்கவும் கை கொடுக்கிறது. தயிரும் ஆகாதவர்கள் அரை டம்ளர் நீர்மோரில் தொடங்கலாம்.

7. ஏழாம் வாரம்: பழைய சோறு, கவனத்தோடு

பழைய சோற்றைப் பற்றி இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பேசுகிறவர்களில் பலர் அதை எப்படி வைப்பது என்று சொல்வதில்லை, ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வெந்தாலும் அவை சாகாது. மூடிய குக்கரில் சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. மதியம் வடித்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு இரவு படுக்கப் போகும்போது தண்ணீர் ஊற்றுகிறார்களே, அதுதான் நான் அடிக்கடி காணும் தவறு.

சரியான முறை: சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவையுங்கள். சூடு தணிந்ததும், வடித்த ஒரு மணி நேரத்துக்குள், கழுவி வெயிலில் காய்ந்த மண்சட்டியில் போட்டு, காய்ச்சி ஆறிய தண்ணீரைச் சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும்படி ஊற்றுங்கள். உறைக்கு ஒரு தேக்கரண்டி மோர் விட்டால் லாக்டிக் அமில பாக்டீரியா முந்திக்கொண்டு பெருகும். புளிப்பு ஏற ஏறக் கெட்ட கிருமிக்கு இடமில்லாமல் போகும். மெல்லிய துணியால் மூடுங்கள். எட்டு முதல் பத்து மணி நேரம் போதும்; கத்திரி வெயிலில் இன்னும் குறைவு.

காலையில் மூடியை எடுத்ததும் முகர்ந்து பாருங்கள். மெல்லிய புளிப்பு வாடை, மேலே சின்னச் சின்னக் குமிழ்கள், நீர் லேசாகக் கலங்கியிருப்பது, விரலால் நசுக்கினால் பருக்கை மெத்தென்று உடைவது எல்லாம் சரி. சோற்றை எடுக்கும்போது நூல் விட்டாலோ, வழுவழுத்தாலோ, மூக்கைச் சுளிக்க வைத்தாலோ, நிறம் தெரிந்தாலோ கொட்டிவிடுங்கள். மனம் வராது, ஆனாலும் கொட்டுங்கள்.

ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்தும் சற்றுக் கூடுகிறது. அது பெருங்குடலுக்குப் போகும் தீனி. உப்பு கொஞ்சமாகப் போட்டு, மோர் விட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டால் பாக்டீரியாவும் அதற்கான தீனியும் ஒன்றாகக் கிடைக்கும். தொட்டுக்கொள்ளக் கருவாடு வேண்டுமென்றால் வாரத்துக்கு ஒரு நாள், ஒரு துண்டு. அதில் உப்பு மிக அதிகம். சர்க்கரை நோயாளிகள் இதுவும் சோறுதான் என்பதை மறக்காமல் அளவைக் குறைத்து, பக்கத்தில் பயறோ கீரையோ வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பகுதியில் சொன்ன எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், கைக்குழந்தைகள் ஆகியோருக்கு இது வேண்டாம்.

8. கணக்கில் சேர்க்கக் கூடாதவை

இட்லி மாவு அருமையாகப் புளிக்கிறது, ஆனால் ஆவியில் வெந்ததும் அந்த பாக்டீரியா செத்துவிடும். புளித்ததால் இட்லி எளிதாகச் செரிக்கும், உளுந்தின் சத்து நன்றாகக் கிடைக்கும். அது வேறு நன்மை. மோர்க்குழம்பும் அப்படியே. கடை ஊறுகாயில் உப்பும் எண்ணெயும் வினிகரும்தான் பாதுகாக்கின்றன, உயிருள்ள பாக்டீரியாவை அதில் எதிர்பார்க்க முடியாது. சின்ன பாட்டிலில் விற்கும் பாக்டீரியா பானங்களில் சர்க்கரை எவ்வளவு என்று லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

கேப்சூல் பற்றி: குறிப்பிட்ட நோய்க்குக் குறிப்பிட்ட வகை பாக்டீரியாவை மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சாப்பிடுங்கள். நலமாக இருப்பவர் ‘சும்மா நல்லதுக்கு’ விழுங்க வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் ஒரு மாதக் கொய்யா வாங்கலாம். மலத்தை அனுப்பினால் குடல் பாக்டீரியாப் பட்டியல் தருகிறோம் என்னும் பரிசோதனைகளுக்கும் ஆயிரக்கணக்கில் செலவிடாதீர்கள். அந்தப் பட்டியலை வைத்துச் செய்யக்கூடிய சிகிச்சை இன்றைக்கு இல்லை.

9. எட்டாம் வாரம்: நேரம், நடை, தூக்கம்

இரவு பத்தரைக்குப் பரோட்டா தின்றுவிட்டுப் படுப்பவருக்கு மேலே சொன்ன எதுவும் முழுப் பலன் தராது. இரவு உணவைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள். உணவு இல்லாத வேளையில்தான் சிறுகுடல் அலைபோல் சுருங்கி எஞ்சியதைப் பெருங்குடலுக்குத் தள்ளுகிறது. கொறித்துக்கொண்டே இருந்தால் அந்த வேலை நடக்காது.

சாப்பிட்ட பின் மெதுவாக நடந்தால் வாயு நகரும், இரத்தச் சர்க்கரையும் அதிகம் ஏறாது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை. கடலூர்க்காரர்களுக்குத் தேவனாம்பட்டினம் இருக்கிறது. காலையில் எழுந்து வெந்நீரோ காபியோ குடித்துவிட்டு, அவசரமில்லாமல் கழிப்பறையில் உட்கார நேரம் ஒதுக்குங்கள். மேற்கத்தியக் கழிப்பறை என்றால் காலுக்கடியில் ஒரு சிறு மணை போட்டுக்கொண்டால் மலம் எளிதாக இறங்கும்.

10. இடையில் ஆன்டிபயாடிக் எடுக்க நேர்ந்தால்

ஆன்டிபயாடிக் கெட்டதையும் நல்லதையும் பிரித்துப் பார்க்காது. பெரும்பகுதி பாக்டீரியா ஒன்றிரண்டு மாதங்களில் மீண்டுவிடும், சில வகைகள் ஆறு மாதமானாலும் திரும்புவதில்லை. சளிக்கும் சாதாரண வயிற்றுப்போக்குக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கிப் போடும் வழக்கத்தை விடுங்கள். இவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, ஆன்டிபயாடிக் அங்கே ஒன்றும் செய்யாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுவதும் சாப்பிட வேண்டும். பாக்டீரியா போய்விடுமே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். அந்த நாட்களில் தயிரை மாத்திரைக்கு இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின் போன்றவற்றைப் பாலில் உள்ள கால்சியம் உடலில் சேரவிடாமல் தடுக்கும். கூடவே பாக்டீரியா கேப்சூல் எடுத்தால் மருந்தால் வரும் வயிற்றுப்போக்கு குறையலாம். ஆனால் 2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் நடத்திய ஆய்வில், மருந்துக்குப் பிறகு கேப்சூல் எடுத்தவர்களின் சொந்த பாக்டீரியா திரும்புவதற்கு, எடுக்காதவர்களைவிட அதிக காலம் பிடித்தது. எனவே அதை மருத்துவரின் முடிவுக்கே விடுங்கள். மருந்து முடிந்து சில வாரங்களுக்குள் கடுமையான வயிற்றுப்போக்கு வந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி தனித்து வளர்ந்திருக்கலாம்.

11. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்தால்

ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பகுதியில் சேர்த்துவைத்த பலன் ஒரே வாரத்தில் கலைந்துபோகும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியைப் புரட்டிப்போட்டு, அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்ததே, அப்படிப்பட்ட நேரங்களில் சாக்கடை நீர் குடிநீரோடு கலந்துவிடும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடமாவது அடுப்பில் இருக்கட்டும். கேன் தண்ணீர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

வயிற்றுப்போக்கு தொடங்கியதும் உப்புச் சர்க்கரைக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.). பாக்கெட்டில் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளரில் கலக்குவது தவறு, செறிவு மாறிவிடும். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவு தண்ணீரில், வழக்கமாக ஒரு லிட்டரில், முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீருக்குத் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக் குடிக்க வேண்டாம். குழந்தைக்கு வந்தால் இதோடு துத்தநாக மாத்திரையும் உண்டு: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாட்கள். போக்கு நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். சொன்ன நாட்கள் முழுவதும் கொடுத்தால்தான் அடுத்தடுத்து வருவது குறையும். குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, கண் குழிந்தாலோ, சிறுநீர் கழிக்காவிட்டாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

போக்கு நிற்கும்வரை கஞ்சி, குழைந்த சோறு, தயிர், வாழைப்பழம் போதும். பட்டினி போடாதீர்கள், குறிப்பாகக் குழந்தையை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தவே கூடாது. நின்ற பிறகு ஒன்றிரண்டு வாரம் பால் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், லாக்டோஸைச் செரிக்கும் நொதி குடல் சுவரில் மீண்டும் ஊற அவ்வளவு காலம் ஆகும். அதுவரை பெரியவர்கள் மோரோடு நில்லுங்கள். மலம் நான்காம் எண்ணுக்கு வந்து மூன்று நாள் ஆனதும் காய்கறியைப் பழைய அளவில் பாதியாகத் தொடங்கி, அடுத்த வாரம் முழு அளவுக்குக் கொண்டுபோய், பயறை அதற்கடுத்த வாரம் சேருங்கள்.